குவாண்டத்துக்குக் கோடிகள்! பாடப் புத்தகத்துக்குக் கத்தரியா?

2023 ஏப்ரல் மாதத்தில் மத்திய மந்திரிசபை கூடி ஒரு முடிவு எடுத்தது. ‘தேசிய குவாண்டம் இயக்கம்’ என்ற பெயரில் ஒரு திட்டம். 2023-24ல் துவங்கி 2030-31 வரை நடக்கும். செலவு 6,003 கோடியே 65 லட்சம் ரூபாய். குவாண்டம் கம்ப்யூட்டர் வரப்போகிறது, யாராலும் ஒட்டுக் கேட்க முடியாத குவாண்டம் செய்தித் தொடர்பு வரப்போகிறது என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. நல்லது. விஞ்ஞானத்துக்குப் பணம் ஒதுக்குவதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம்.

ஆனால் அதே சர்க்காரின் மறு கை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? கத்தரிக்கோல் பிடித்துக்கொண்டிருந்தது! கொரோனாவைக் காரணம் காட்டி, “மாணவர் சுமையைக் குறைக்கிறோம்” என்று சொல்லி, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கவுன்சில் 2022ல் பாடப் புத்தகங்களை நறுக்கியது. பத்தாம் வகுப்பிலிருந்து டார்வினின் பரிணாமத் தத்துவம் போயிற்று. மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணை போயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு பௌதிகத்திலிருந்து கதிரியக்கச் சிதைவின் விதி போயிற்று. டேவிஸன்-ஜெர்மர் சோதனையும் போயிற்று.

டார்வினுக்காகக் குரல் எழுந்தது. குவாண்டம் திட்டம் அறிவிக்கப்பட்ட அதே ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். டேவிஸனுக்காகவும் ஜெர்மருக்காகவும் யாரும் தெருவில் இறங்கவில்லை. அந்தச் சோதனை என்னவென்று நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் இருப்பதைத்தான் பாடம் நடத்திப் போக்கவேண்டும். பாடத்தை எடுத்துவிட்டால் எப்படித் தெரியும்?

அந்தச் சோதனையின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அமெரிக்காவில் பெல் டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிஸனும் ஜெர்மரும் நிக்கல் தகட்டின்மீது எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி, அவை எந்தெந்தப் பக்கம் தெறிக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1925ல் ஒரு விபத்து. திரவக் காற்று இருந்த ஜாடி வெடித்து, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய் உடைந்தது. சூடாயிருந்த நிக்கல்மீது காற்றுப் பட்டு அது கறுத்துவிட்டது. வேலை கெட்டது என்று தூக்கி எறியவில்லை. கறையை நீக்குவதற்காக நெடுநேரம் காய்ச்சினார்கள். மறுபடி எலெக்ட்ரான்களைப் பாய்ச்சினால், பழைய கணக்கு எதுவும் ஒத்துவரவில்லை! காய்ச்சியபோது நிக்கலின் பொடிப்பொடிப் படிகங்கள் ஒன்று சேர்ந்து சில பெரிய படிகங்களாகியிருந்தன. படிகத்தின்மீது எக்ஸ்ரே பட்டுச் சிதறினால் எப்படிக் குறிப்பிட்ட திசைகளில் வலுத்துத் தெரியுமோ, அப்படித் தெரிந்தது எலெக்ட்ரான்.

பொருளுக்கும் அலைத் தன்மை உண்டு என்று பிரான்சில் டி பிராக்லி என்ற இளைஞர் 1924ல் எழுதியிருந்தார். அவருடைய சூத்திரப்படி 54 வோல்ட்டில் பாயும் எலெக்ட்ரானுக்கு அலைநீளம் 0.167 நானோமீட்டர் இருக்கவேண்டும். 1927ல் நிக்கல் படிகத்தில் 50 டிகிரிக் கோணத்தில் அளந்து பார்த்தபோது கிடைத்தது 0.165! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அதே காலத்தில் பிரிட்டனில் ஜி. பி. தாம்ஸன் வேறொரு வழியில் இதையே கண்டார். எலெக்ட்ரானைத் துகளாகக் கண்டுபிடித்தவர் ஜே. ஜே. தாம்ஸன், அதை அலை என்று காட்டியவர் அவருடைய சொந்த மகன். தகப்பனுக்கும் நோபல் பரிசு, மகனுக்கும் நோபல் பரிசு, இருவர் சொன்னதும் சரி!

இந்தக் கதையில் ஒரு பையனோ பெண்ணோ படித்துக்கொள்ள வேண்டியது எவ்வளவு இருக்கிறது! எதிர்பாராத முடிவு வந்தால் விஞ்ஞானி என்ன செய்வான், தத்துவம் முன்னே போக சோதனை எப்படிப் பின்னே வந்து தராசு பிடிக்கிறது, எல்லாம் இருக்கிறது. மத்திய சர்க்காரின் புத்தகத்தில் இப்போது சூத்திரம் மட்டும் நிற்கிறது, சோதனை இல்லை. “பொருளுக்கு அலைத் தன்மை உண்டு, நம்பிக்கொள்” என்றாகிறது. நம்பிக்கொள் என்று சொல்லிக்கொடுப்பதற்கு விஞ்ஞான வகுப்பு எதற்கு? நமது மாநிலத்தின் 2019ம் ஆண்டுப் புத்தகத்தில் இந்தச் சோதனை இடம்பெற்றது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நம் வீட்டுக் கணக்கும் சுத்தமில்லை. பழைய பிளஸ்-டூ பௌதிகப் புத்தகத்தில் ஐன்ஸ்டீனின் சார்புநிலைத் தத்துவம் இருந்தது. எப்படி இருந்தது? நீளம் சுருங்கும், காலம் நீளும், நிறை கூடும் என்று மூன்று சூத்திரங்கள். எண்களைப் போட்டு விடை எடுத்தால் மதிப்பெண். மாணவர்கள் நெட்டுருப் போட்டார்கள், எழுதினார்கள், மறந்தார்கள். வேகத்தோடு நிறை கூடுகிறது என்ற பேச்சையே இன்றைய பௌதிகவாதிகளில் பெரும்பாலோர் கைவிட்டுவிட்டனர் என்பது யாருக்கும் சொல்லப்படவில்லை. 2019ல் வந்த புதிய புத்தகத்தில் அந்தப் பகுதியே இல்லை. தவறாக நடத்தினோம், ஆகவே நிறுத்திவிட்டோம் என்பது எந்த ஊர் நியாயம்?

மூன்று, நான்கு, ஐந்து

“இதெல்லாம் பெரிய கணக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏறாது” என்கிறார்கள். யார் சொல்கிறார்கள்? பெரும்பாலும் தமக்கே ஏறாதவர்கள்தான்.

கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலைமட்டம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு பக்கம் மூன்றடி, மறு பக்கம் நான்கடி அளந்து, குறுக்கே பிடித்தால் ஐந்தடி வரவேண்டும். வந்தால் மூலை சரி. இந்தக் கொத்தனார் கணக்கு ஒன்றே போதும், ஐன்ஸ்டீனின் வாசலைத் திறப்பதற்கு.

ஓடும் ரயில் பெட்டியின் தரையில் ஒரு கண்ணாடி, கூரையில் ஒரு கண்ணாடி வைப்போம். தரையிலிருந்து ஒரு ஒளிக்கீற்று கூரைக்குப் போகிறது. அது போய்ச்சேரும் நேரம்தான் நமது கடிகாரம். ரயில் ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது வினாடிக்கு 1,80,000 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். (நமது பாசஞ்சர் வண்டிகள் இந்த வேகத்தை எட்டக் கொஞ்சம் நாளாகும்!) பெட்டிக்குள் இருப்பவருக்கு ஒளி நேர் மேலே நான்கு பங்கு தூரம் போகிறது. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கோ, ஒளி மேலே ஏறும் நேரத்தில் ரயிலும் மூன்று பங்கு முன்னே நகர்ந்துவிடுகிறது. ஆகவே ஒளி சாய்வாக ஐந்து பங்கு தூரம் போனதாகத் தெரிகிறது. ஆனால் ஒளியின் வேகம் இருவருக்கும் ஒன்றே. அதுதான் 1905ல் ஐன்ஸ்டீன் பிடித்த பிடி. வேகம் ஒன்று, தூரம் வேறு என்றால் நேரமும் வேறாகத்தானே இருக்கவேண்டும்? பிளாட்பாரக் கடிகாரத்தில் ஐந்து வினாடி. ரயில் கடிகாரத்தில் நான்கு வினாடி!

இதில் எங்கே இருக்கிறது பெரிய கணக்கு? பிதாகரஸ் தேற்றம் பத்தாம் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. கடினம் கணக்கில் இல்லை. எல்லோருக்கும் ஒரே காலம் ஓடுகிறது என்று நாம் பிறந்தது முதல் எண்ணிவந்த எண்ணத்தை விடுவதில்தான் இருக்கிறது. அதை விடுவதற்கு நாற்பது வயதுக்காரரைவிடப் பதினைந்து வயதுப் பையன் சீக்கிரம் தயாராவான் என்பது நமது கருத்து.

ரயில் கற்பனைதானே என்று ஒருவன் எழுந்து கேட்பான், கேட்கவேண்டும். அவனிடம் உள்ளங்கையை நீட்டச் சொல்லலாம். வானத்திலிருந்து மியூவான் என்ற துகள் வினாடிக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் அந்தக் கையைத் துளைத்துக்கொண்டு போகிறது. சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் இத்துகளின் சராசரி ஆயுள் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்திலேயே வந்தாலும் அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் வரமுடியும். பிறகு தரைக்கு எப்படி வந்தது? விரைந்து ஓடும் மியூவானின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடுகிறது, அதனால் வந்தது. கற்பனை அல்ல, கையில் விழும் உண்மை.

நகரத் தெருக்களில் சோற்றுப் பொட்டலத்தை முதுகில் சுமந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் பறக்கிறானே இளைஞன், அவன் கைபேசிக்கு வழி காட்டுவது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள். அவை ஓடும் வேகத்தால் நாளொன்றுக்கு 7 மைக்ரோவினாடி பின்தங்குகின்றன. அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவாயிருப்பதால் 45 மைக்ரோவினாடி முந்துகின்றன. மிச்சம் 38. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடம் 10 கிலோமீட்டருக்கு மேல் தவறிப்போகும். அந்த இளைஞன் பத்து நிமிஷம் தாமதித்தால் கூலியில் பிடிக்கிறார்களே, அந்தக் கணக்கின் அடியிலும் ஐன்ஸ்டீன் இருக்கிறார். தன்னை நிமிஷத்துக்கு நிமிஷம் கண்காணிக்கும் யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அவனுக்குப் பள்ளியில் யாராவது சொன்னார்களா?

தங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி வெள்ளையாயிருக்கத் தங்கம் மட்டும் ஏன் மஞ்சள்? தங்க அணுவின் கனத்த கருவுக்கு அருகே எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் இயங்குகின்றன. சார்புநிலை விளைவால் அணுவின் சக்தி நிலைகள் இடம் மாறுகின்றன. அதனால் தங்கம் நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. மிச்சம் மஞ்சளாகத் திரும்புகிறது. அடகுக் கடைக்குப் போகும் ஒவ்வொரு தாலிக்கொடியிலும் ஒரே சமயத்தில் சார்புநிலைத் தத்துவமும் குவாண்டம் தத்துவமும் மின்னுகின்றன!

சோதனைச் சாலை இல்லை என்பார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று சில எல்.இ.டி. பல்புகள், ஒரு பாட்டரி, ஒரு மல்டிமீட்டர் போதும். மின் அழுத்தத்தை மெல்ல ஏற்றினால் சிவப்பு ஏறக்குறைய 1.8 வோல்ட்டில் கண் விழிக்கிறது, நீலம் 2.6 வோல்ட்வரை அசைவதில்லை. ஏன்? ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. நீலப் பொட்டலத்துக்கு விலை அதிகம். இந்த எண்களிலிருந்தே பிளாங்க் மாறிலியை ஓரளவுக்குக் கணக்கிட்டுவிடலாம். செலவு, நகரத்தில் ஒரு சினிமா டிக்கெட் அளவுக்குக்கூட வராது. ஈர்ப்பைக் காட்ட வேண்டுமா? திருப்பூர் பனியன் துணி ஒரு துண்டு வாங்கி நான்கு பிள்ளைகள் இழுத்துப் பிடிக்கட்டும். நடுவில் இரும்புக் குண்டை வைத்து, ஓரத்தில் கோலியை உருட்டினால் அது குண்டைச் சுற்றி வளைந்து ஓடும். (இந்த உவமைக்கு ஒரு எல்லை உண்டு: பூமியருகே நம்மைக் கீழே இழுப்பது பெரும்பாலும் காலத்தின் வளைவு; அதைத் துணியில் காட்ட முடியாது. ஆசிரியர் இதையும் சொல்லிவிட வேண்டும்.)

இது நமது பகற்கனவு அல்ல. ஆஸ்திரேலியாவில் டேவிட் பிளேர் என்ற பௌதிகப் பேராசிரியரும் அவரது சகாக்களும் ஆரம்பப் பள்ளியிலிருந்தே ஐன்ஸ்டீனின் பௌதிகத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஃபோட்டானுக்குப் பதிலாக விளையாட்டுத் துப்பாக்கியின் குண்டு, வெளிக்குப் பதிலாக இழுபடும் துணி. நார்வேயின் மேல்நிலைப் பள்ளிகளில் பொதுச் சார்புநிலைத் தத்துவமும் குவாண்டம் தத்துவமும் பாடத்திட்டத்திலேயே உண்டு. பெரிய சமன்பாடுகள் இல்லாமல், பேச்சாலும் விவாதத்தாலும் நடத்துகிறார்கள்.

விவாதத்துக்குரிய விஷயமும் உண்டு. அணு என்றால் சூரியனைச் சுற்றும் கிரகங்கள் மாதிரி எலெக்ட்ரான் சுற்றும் படத்தைத்தானே நாம் போடுகிறோம்? அந்தப் படம் ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் பிள்ளைகள் அதை விடுவதில்லை என்று, போரின் மாதிரியையே நடத்தாமல் பாடம் அமைத்துப் பார்த்தார்கள் பெர்லினில் சில ஆசிரியர்கள். நடத்தலாம், ஆனால் அதன் குறைகளோடு சேர்த்து நடத்தவேண்டும் என்றார்கள் அமெரிக்காவில் வேறு சிலர். நமக்குப் பின்னது சரியென்று படுகிறது. ஒரு கருத்து எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று காட்டுவதைவிட நல்ல பாடம் ஏது? நம் நாட்டில் இந்தச் சர்ச்சையே இல்லை. படத்தைப் போடு, அம்புக்குறி இடு, அடுத்த கேள்விக்குப் போ என்பதுதான் நமது முறை. கோழிப்பண்ணைப் பள்ளிகள் வளர்த்த முறை இது.

காலி இடத்தில் யார் குடியேறுகிறார்கள்?

பள்ளிக்கூடம் விட்ட இடத்தில் வேறு ஆட்கள் குடியேறுகிறார்கள். 2018 மார்ச்சில் இம்பாலில் நடந்த இந்திய விஞ்ஞான மாநாட்டில், விஞ்ஞான இலாகா மந்திரியே எழுந்து, ஐன்ஸ்டீனின் சூத்திரத்தைவிட மேலான தத்துவம் வேதத்தில் இருக்கலாம் என்று ஸ்டீபன் ஹாக்கிங் சொன்னதாகப் பேசினார். ஆதாரம் எங்கே என்று கேட்டதற்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. 2019 ஜனவரியில் ஜலந்தர் மாநாட்டில், அதுவும் குழந்தைகளுக்கான அரங்கில், நியூட்டனும் ஐன்ஸ்டீனும் சொன்னது தவறு என்றும், ஈர்ப்பு அலைகளுக்குப் பிரதம மந்திரியின் பெயரைச் சூட்டவேண்டும் என்றும் ஒருவர் முழங்கினார். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு ஈர்ப்பு அலை என்றால் என்னவென்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள். சந்தையில் ‘குவாண்டம்’ பெயரில் வைத்தியம் விற்கிறார்கள், வளையல் விற்கிறார்கள், மனோசக்தி விற்கிறார்கள். வாங்குகிறவன் பெரும்பாலும் படித்தவன்தான்!

எதிர்ப்பக்கத்தில் நடந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. சோவியத் நாட்டில் 1940களின் இறுதியிலும் 1950களின் துவக்கத்திலும் தத்துவாசிரியர்கள் சிலர், சார்புநிலைத் தத்துவம் கருத்துமுதல்வாதம் என்று முத்திரை குத்தினார்கள். பௌதிகம் தெரியாமல் பௌதிகத்தைத் தாக்காதீர்கள் என்று 1953ல் அவர்களைப் பகிரங்கமாகக் கண்டித்தவர் விளாதிமிர் ஃபோக் என்ற பௌதிகவாதி. பின்னால் அதே நாட்டில் லந்தாவும் ரூமரும் சாதாரண மக்களுக்காகச் சார்புநிலைத் தத்துவம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார்கள். ரயில், கடிகாரம், பிளாட்பாரம் எல்லாம் அதில் வரும். மேதை எழுதினால் எளிமையாக எழுத முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

தமிழில் முடியுமா என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சத்யேந்திரநாத் போஸைப் பாருங்கள். டாக்கா சர்வகலாசாலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். மாணவர்களுக்குப் பிளாங்க் விதியைத் தெளிவாக விளக்க முற்பட்டபோது பழைய நிரூபணம் அவருக்குத் திருப்தி தரவில்லை. 1924ல் புதிய நிரூபணம் எழுதி ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் அதைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். ‘போஸான்’ என்று இன்று உலகம் சொல்லும் பெயர் அந்த வகுப்பறையிலிருந்து வந்தது. அதே போஸ்தான் 1948ல் வங்காளி மொழியில் விஞ்ஞானத்தைப் பரப்ப ஒரு பரிஷத் அமைத்தார். நம் சென்னையில், மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் குவாண்டம் பௌதிகத்தை ஒரு ஜெர்மன் பேராசிரியரின் புத்தகத்திலிருந்து தானே படித்தார். அந்தப் பேராசிரியர் ஸொம்மர்ஃபெல்ட் 1928ல் சென்னை வந்தபோது நேரே போய்ப் பார்த்தார். “நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, புதிய குவாண்டம் இயக்கவியல் வந்துவிட்டது” என்ற செய்தியை அன்றுதான் கேட்டார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 18. இரண்டே வருஷத்தில், கப்பலில் இங்கிலாந்து போகும்போது, சார்புநிலையையும் குவாண்டத்தையும் சேர்த்து நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்டுவிட்டார். அவர் மேதை, வீட்டில் புத்தகம் இருந்தது, கல்லூரி வாசல் திறந்திருந்தது. பரமக்குடியிலோ பாலக்கோட்டிலோ அதே மூளையோடு உட்கார்ந்திருக்கும் கூலிக்காரர் மகளுக்கு அரசுப் பள்ளியை விட்டால் வேறு வாசல் எது?

தேனி மாவட்டத்தில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 1965ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நமது விஞ்ஞானிகள், வானிலிருந்து வரும் கதிர்கள் நமது காற்று மண்டலத்தில் உண்டாக்கும் நியூட்ரினோவைக் கண்டார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் போடி மலையில் பொட்டிப்புரம் அருகே அமைக்க நினைத்த நியூட்ரினோ கூடம். 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டில் எதிர்ப்புத் தெரிவித்தது. மலையைக் குடைவதா, தண்ணீர் என்னாகும், காடு என்னாகும் என்று மக்கள் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. ஆனால் நியூட்ரினோவே ஆளைக் கொல்லும் என்ற பீதியும் ஊர் ஊராகப் பரவியது. ஒவ்வொரு வினாடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் சூரியனிலிருந்து வந்து நம் உடலைத் துளைத்துக்கொண்டு எந்தத் தீங்கும் செய்யாமல் போகின்றன என்று எந்தப் பள்ளிக்கூடம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தது? சொல்லியிருந்தால் மக்கள் பீதியை விட்டுவிட்டு, தண்ணீரையும் பாறையையும் பற்றி அதிகாரிகளை இன்னும் கூர்மையாகக் கேட்டிருப்பார்கள். தெரியாத மக்களிடம் விளக்கம் சொல்லாமல் தப்பிப்பது அதிகாரிகளுக்கும் சுலபம். பயத்தை மூட்டுவது மற்றவர்களுக்கும் சுலபம்.

நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒளிக் கடிகாரம்; பத்தாம் வகுப்பில் எல்.இ.டி. சோதனை, மேல்நிலையில் டேவிஸன்-ஜெர்மர், அதோடு 1989ல் ஜப்பானில் டோனோமுரா குழுவினர் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி அலைக்கோலம் உருவாவதைக் காட்டிய படம். ஸ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லவில்லை. சுமை கூடும் என்றால், ஒரே சூத்திரத்தில் எண்ணை மாற்றிப் போடும் பயிற்சிக் கணக்குகளில் பாதியை எடுத்துவிடுங்கள், யாரும் அழமாட்டார்கள். இந்தப் பகுதிக்கு இரண்டு வருஷமாவது பரீட்சையில் கேள்வி வேண்டாம், வகுப்பில் பேச்சு நடக்கட்டும்.

முக்கியமானது ஆசிரியர்கள். இன்றைய பௌதிக ஆசிரியர்களில் பலர் தாமே இதைச் சூத்திரமாகப் படித்துவிட்டு வந்தவர்கள். பழி அவர்கள்மீது இல்லை. 1960ல் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்து, அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டில் நடத்திவந்த பௌதிகக் கூட்டத்தைப் பாராட்டிப் பேசினார். அதை ஒட்டி 1962ல் கணித விஞ்ஞானக் கழகம் பிறந்தது. இன்று அது தரமணியில் இருக்கிறது. குவாண்டமும் சார்புநிலையும் அன்றாட வேலையாகக் கொண்ட விஞ்ஞானிகள் அங்கே இருக்கிறார்கள். தமிழில் பேசத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். மே மாத விடுமுறையில் மாவட்டத்துக்கு இருபது ஆசிரியர்களைப் படியும் ரயில் கட்டணமும் கொடுத்து அங்கே பத்து நாள் அனுப்ப எவ்வளவு ஆகும் என்று கல்வி இலாகா கணக்குப் போட்டுச் சொல்லட்டும். 6,003 கோடியின் பக்கத்தில் அந்தத் தொகையை எழுதிப் பார்ப்போம்.